வைக்கோலை எரிசாராயமாக்கும் வெப்ப விரும்பிகள்

மார்கழி மாதத்து விடியற்காலையில் எருக்குழியைக் கிளறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே பனி படிந்திருக்கும். ஒரு முழம் தோண்டினால் ஆவி பறக்கும். கையை உள்ளே விட்டால் சுடும். எங்கள் கல்லூரிக்கு அடுத்த தோட்டத்தில் சாணமும் வைக்கோலும் குவித்து வைத்த குப்பைமேடு ஒன்று உண்டு. ஒருநாள் சில மாணவர்களும் நானும் சோதனைக்கூடத்து வெப்பமானியை ஓர் இரும்புக் குழாயினுள் வைத்து அந்த மேட்டில் செருகிப் பார்த்தோம். வெளியே காற்றின் வெப்பநிலை 22° செல்சியஸ். குப்பையினுள் பாதரசம் 63°-இல் போய் நின்றது. "இதற்கு யார் சார் அடுப்பு மூட்டினார்கள்?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

அடுப்பு மூட்டியவை நுண்ணுயிர்கள். அவை வைக்கோலையும் சாணத்தையும் தின்கின்றன. நாம் உண்ட உணவு நம் உடலைச் சூடாக்குவதுபோல அவற்றின் உணவும் வெப்பத்தை வெளிவிடுகின்றது. நம் உடலின் வெப்பம் காற்றில் கலந்துவிடும். குப்பைமேட்டிலோ வெப்பம் வெளியேற வழியில்லை. வைக்கோல் சிறந்த வெப்பக் கடத்தாப் பொருள். ஆகவே சூடு ஏறிக்கொண்டே போகும். 45°-ஐத் தாண்டியதும் முதலில் வேலை செய்த நுண்ணுயிர்கள் மடிந்து போகின்றன. அவற்றின் இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. 60° வெப்பம் இவற்றுக்குத் துன்பமன்று. அதுவே அவற்றின் தாயகம். இவற்றை வெப்ப விரும்பிகள் என்று அழைக்கலாம். இவற்றுள் சில வைக்கோலைக் கரைத்துச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையை எத்தில் ஆல்கஹாலாக, அதாவது எத்தனாலாக மாற்ற வல்லவை. ஒரே உயிர், ஒரே கொப்பரை, வெளியிலிருந்து வாங்க வேண்டிய நொதி எதுவுமில்லை.

இவ்வளவு எளிதான வழி இருக்கும்போது வயலில் வைக்கோலை ஏன் கொளுத்துகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேட்டியும் கஞ்சியும்

வெளுத்து வந்த பருத்தி வேட்டி ஒன்றை எடுத்துக் கொள்வோம். அதில் இருப்பவை இரண்டு பொருள்கள்: பருத்தி நூல், அதன்மேல் போட்ட கஞ்சி. கஞ்சி என்பது மாவுப்பொருள். பருத்தி நூல் ஏறக்குறையத் தூய செல்லுலோஸ். இரண்டையும் வேதியியலார் பிரித்துப் பார்த்தால் இரண்டிலும் கிடைப்பது ஒரே பொருள்தான், குளுக்கோஸ் சர்க்கரை. ஆயினும் கஞ்சி ஒரு சலவையில் போய்விடுகிறது. நூலோ நூறு முறை வெள்ளாவியில் வைத்தாலும் கரைவதில்லை. கஞ்சியைக் குடித்தால் பசி ஆறும். வேட்டியைத் தின்று பசி ஆற்ற முடியாது.

வேறுபாடு சர்க்கரையில் இல்லை. சர்க்கரைகள் கை கோத்திருக்கும் முறையில் இருக்கின்றது. மாவுப்பொருளில் குளுக்கோஸ் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி இணைவதால் சங்கிலி சுருளாக வளைகின்றது. சுருளுக்குள் நீரும் நொதியும் எளிதில் நுழையும். செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக நின்று இணைகின்றன. அதனால் சங்கிலி நேராக, தட்டையாக அமைகின்றது. நேரான சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகி, ஏறக்குறையப் படிகமாகவே ஆகிவிடுகின்றன. வைக்கோலில் இந்தப் படிக இழைகளைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்ற வேறு சர்க்கரைத் தொடர்கள் பின்னிக் கிடக்கும். இவற்றுக்கிடையே லிக்னின் என்ற பிசின் போன்ற பொருள் நிரம்பியிருக்கும். இரும்புக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டதைப்போன்ற அமைப்பு இது. காற்றுக்கும் மழைக்கும் பூச்சிக்கும் தாக்குப்பிடித்து நிற்பதற்காகவே செடி தன்னை இவ்வாறு கட்டிக்கொண்டுள்ளது.

நம் நாட்டில் எத்தனால் பெரும்பாலும் சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்தும் கரும்புச் சாற்றிலிருந்தும், அண்மை ஆண்டுகளில் அரிசி, மக்காச்சோளம் முதலிய தானியங்களிலிருந்தும் வடிக்கப்படுகின்றது. இவற்றில் சர்க்கரையோ மாவோ கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் ஈஸ்ட் வேலையை எளிதில் முடித்துவிடும். 2025-ஆம் ஆண்டில் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்ற நிலையை இந்தியா எட்டியதும் இந்த வழியில்தான். ஆனால் மனிதனும் கோழியும் உண்ணக்கூடியதை மோட்டார் வண்டிக்குப் போடுவது எவ்வளவு தூரம் சரி என்ற கேள்வி தொடர்ந்து எழுகின்றது. மறுபுறம் பஞ்சாப், அரியானா வயல்களில் நெல் அறுவடைக்குப்பின் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வைக்கோல் எரிந்து புகையாகப் போகின்றது.

அந்த வைக்கோலையே மூலப்பொருளாகக் கொண்டு அரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் ஒரு தொழிற்சாலையை அமைத்தது. 2022 ஆகஸ்டு 10-ஆம் நாள் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 2 இலட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அதன் திட்டம். வகுத்துப் பார்த்தால் ஒரு டன்னுக்கு 150 லிட்டர். இதைக் காகிதத்தில் போடும் கணக்கோடு ஒப்பிடலாம். ஒரு டன் உலர்ந்த வைக்கோலில் ஏறத்தாழ 600 கிலோ சர்க்கரைத் தொடர்கள் உள்ளன. அவை நீரைச் சேர்த்துக்கொண்டு உடைந்தால் 660 கிலோவுக்கு மேல் சர்க்கரை. சர்க்கரையின் எடையில் 51 விழுக்காடு எத்தனாலாகலாம். மீதி கரியமில வாயுவாகும். ஆக, ஒரு டன்னுக்கு 400 லிட்டருக்கு மேல் கிடைக்க வேண்டும். ஈரமும் மண்ணும் கலந்த உண்மையான வைக்கோலுக்கு ஓரளவு குறைத்துக்கொண்டாலும் இடைவெளி பெரிதுதான்.

இத்தகைய ஆலைகளில் வேலை பல கட்டங்களாக நடக்கும். முதலில் அமிலமும் உயர் அழுத்த நீராவியும் கொண்டு வைக்கோலை வதக்க வேண்டும். பிறகு பூஞ்சைகளிலிருந்து எடுத்த நொதிகளை விலைக்கு வாங்கிச் சேர்த்துச் சர்க்கரையாக்க வேண்டும். அதன்பின் ஈஸ்ட். ஒவ்வொரு கட்டத்திலும் செலவு. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டியூபாண்ட் நிறுவனம் மக்காச்சோளத் தட்டையைக்கொண்டு 2015-இல் திறந்த மிகப்பெரிய ஆலை 2017-இலேயே நின்றுபோயிற்று. இந்தக் கட்டங்களையெல்லாம் ஒன்றாக்க முடியுமா என்ற ஏக்கத்தில்தான் அறிவியலார் குப்பைமேட்டை நோக்கித் திரும்புகின்றனர்.

வாலில் ஒட்டிய பட்டறை

1926-ஆம் ஆண்டில் வில்யோன், ஃபிரெட், பீட்டர்சன் என்ற மூவர் எருவிலிருந்து ஒரு பாக்டீரியத்தைக் கண்டறிந்து விவரித்தனர். அதற்குக் கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம் என்று பெயர் வைத்தார்கள். அண்மைக்காலத்தில் வகைப்பாட்டறிஞர்கள் அதை அசெட்டிவிப்ரியோ தெர்மோசெல்லஸ் என்று மாற்றிவிட்டார்கள். ஆனாலும் ஆய்வாளர் பலர் பழைய பெயரை விடவில்லை. நாமும் சுருக்கமாகத் தெர்மோசெல்லம் என்றே சொல்வோம். அதற்கு உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 60°. ஆக்ஸிஜன் பட்டால் ஆகாது. செல்லுலோஸ்தான் அதன் விருப்பமான உணவு.

1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது இந்தப் பாக்டீரியத்தின் மதிப்பும் ஏறியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இதையும் மற்றொரு வெப்ப விரும்பியையும் ஒன்றாக வளர்த்துச் செடிப் பொருளிலிருந்து நேரடியாக எத்தனால் எடுக்கும் முயற்சிகள் அந்தப் பத்தாண்டின் இறுதியில் நடந்தன.

ஆனால் இந்த உயிரின் பெரிய இரகசியம் வெளிப்பட்டது 1980-களின் தொடக்கத்தில், இஸ்ரேல் நாட்டில். எட்வர்ட் பேயர், ரஃபேல் லாமெட் ஆகிய இருவரும் மிக எளிய கேள்வி ஒன்றைக் கேட்டனர்: இந்தப் பாக்டீரியம் செல்லுலோஸ் இழைமீது எதைக்கொண்டு ஒட்டிக்கொள்கிறது? ஒட்டும் புரதம் ஏதோ ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடினார்கள். கிடைத்தது ஒரு புரதமன்று. பல புரதங்கள் ஒன்றாகக் கூடிய பெரிய கட்டு. அதன் மூலக்கூறு எடை இருபது இலட்சத்துக்கும் மேல். செல்லுலோஸை வெட்டும் நொதிகள்தாம் அந்தக் கட்டில் அடுக்கப்பட்டிருந்தன. இதற்குச் செல்லுலோசோம் என்று பெயரிட்டனர்.

இதன் அமைப்பைச் சற்று நின்று பார்க்கலாம். நடுவில் சட்டம் போன்ற ஒரு நீண்ட புரதம். அதில் ஒன்பது பொருத்துவாய்கள். ஒவ்வொரு வெட்டும் நொதிக்கும் ஒரு முளை உண்டு. முளை வாயில் பொருந்தினால் எளிதில் கழலாது. உயிருலகில் புரதங்களுக்கிடையே காணப்படும் மிக உறுதியான பிடிப்புகளில் இதுவும் ஒன்று. சுண்ணாம்புச் சத்தான கால்சியம் இருந்தால்தான் இந்தப் பிடிப்பு அமையும். சட்டத்தின் ஒரு பகுதி செல்லுலோஸ் இழையைப் பற்றிக்கொள்ளும். இன்னொரு முனை பாக்டீரியத்தின் உடலோடு தொடர்பு கொண்டிருக்கும். தச்சுப் பட்டறையில் உளி, வாள், இழைப்புளி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் மாட்டி வைத்திருப்பதுபோல, சங்கிலியின் நடுவில் வெட்டும் நொதியும் முனையிலிருந்து கடித்துச் செல்லும் நொதியும் அருகருகே நிற்கின்றன. ஒன்று வெட்டிய இடத்தில் மற்றொன்று உடனே தொடர்கின்றது. பூஞ்சைகளோ தம் நொதிகளை வெளியே கொட்டிவிடுகின்றன. அவை தனித்தனியே திரிந்து வேலை தேட வேண்டும். தெர்மோசெல்லம் தன் பட்டறையைக் கூடவே தூக்கிக்கொண்டு போய், வெட்டிய சர்க்கரையை அங்கேயே விழுங்கிக்கொள்கின்றது.

2016-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பதம் செய்யாத புல்லைக் கரைப்பதில் தெர்மோசெல்லத்தையும் தொழில்துறையில் பயன்படும் பூஞ்சை நொதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாக்டீரியம் இரண்டு முதல் நான்கு மடங்குவரை அதிகமாகக் கரைத்தது.

சூடு ஒரு சுமையா?

என் மாணவர்கள் இவ்விடத்தில் ஒரு மறுப்பைச் சொல்வார்கள். கொப்பரையை 60°-இல் வைத்திருக்க எரிபொருள் செலவாகுமே, எரிபொருள் செய்ய எரிபொருளை எரிப்பதா? நியாயமான ஐயம். நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோ குளுக்கோஸை முழுவதும் எரித்தால் சுமார் 15,600 கிலோஜூல் வெப்பம் வரும். அதே ஒரு கிலோவை நொதிக்கச் செய்தால் 0.51 கிலோ எத்தனால் கிடைக்கும். அதை எரித்தால் சுமார் 15,200 கிலோஜூல். சர்க்கரையின் எடையில் ஏறத்தாழப் பாதி வாயுவாகப் போய்விட்டாலும் அதன் ஆற்றலில் 97 விழுக்காடு எத்தனாலில் தங்கிவிடுகின்றது! நொதித்தல் என்பது ஆற்றலை இழக்காமல் எடையைக் குறைக்கும் வித்தை. மிச்சமுள்ள 400 கிலோஜூல் கொப்பரைக்குள் வெப்பமாக வெளிப்படும்.

இந்த 400 சிறிய எண் போலத் தோன்றும். ஓர் இலட்சம் லிட்டர் கொப்பரையில் 10 டன் சர்க்கரை இருந்தால் வெளிப்படுவது 40 இலட்சம் கிலோஜூல். ஓர் இலட்சம் கிலோ நீரை ஒரு பாகை உயர்த்த 4.2 இலட்சம் கிலோஜூல் போதும். எனவே வெப்பம் வெளியேறாவிட்டால் கொப்பரை ஒன்பது பாகைக்கு மேல் சூடேறும். 32°-இல் தொடங்கிய ஈஸ்ட் 41°-இல் திணறும். ஆகையால் ஈஸ்ட் கொப்பரையைக் குளிர்விக்க வேண்டும். சித்திரை மாதத்தில் கிணற்று நீரே 30° இருக்கும் ஊரில் 32° கொப்பரையைக் குளிர்விப்பது எவ்வளவு தொல்லை என்பது வடிப்பாலைக்காரர்களைக் கேட்டால் தெரியும். வெப்பம் ஓடுவதற்கு வெப்பநிலை வேறுபாடு வேண்டும். இரண்டு பாகை வேறுபாட்டில் அது நகரவே நகராது.

60° கொப்பரைக்கோ சித்திரை வெயிலும் குளிர்ச்சிதான். வெப்பம் தானே வெளியேறும். சற்றுப் போர்த்தி வைத்தால் நொதித்தலின் வெப்பமே கொப்பரையின் சூட்டைக் காக்கப் பெரிதும் உதவும், குப்பைமேட்டில் நடப்பதைப்போல. முதலில் 60°-க்கு ஏற்றுவதற்கு, எத்தனாலை வடித்தபின் வெளிவரும் கொதிநீரின் சூடு இருக்கின்றது. எந்த வடிப்பாலையிலும் அது வீணாகப் போகும் சூடுதான்.

மற்றோர் ஆதாயமும் உண்டு. சாதாரண ஈஸ்ட் கொப்பரையில் புளிப்பு உண்டாக்கும் கிருமிகள் புகுந்து சர்க்கரையைத் தின்றுவிடுவது பெருந்தலைவலி. 60°-இல், காற்றில்லாத இடத்தில் அவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. வேதிவினைகளும் விரைகின்றன. பத்துப் பாகைக்கு வேகம் இரட்டிக்கும் என்று பாடநூலில் ஒரு விதி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு 30°-க்கும் 60°-க்கும் எட்டு மடங்கு என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டு இடங்களிலும் வேலை செய்பவை வெவ்வேறு நொதிகள்.

ஆக, சூடு சுமையன்று. இடைஞ்சல் வேறோர் இடத்தில் இருக்கின்றது.

பாக்டீரியத்தின் சொந்தக் கணக்கு

எத்தனால் நமக்குத் தேவை. பாக்டீரியத்துக்கு அதனால் என்ன பயன்? ஒன்றுமில்லை, அது ஒரு கழிவு. காற்றில்லாத இடத்தில் சர்க்கரையை உடைத்து ஆற்றல் பெறும்போது எலெக்ட்ரான்கள் மிஞ்சும். நாம் அவற்றை ஆக்ஸிஜனிடம் ஒப்படைத்துவிடுகிறோம். ஆக்ஸிஜன் இல்லாத உயிர் அவற்றை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். எத்தனாலில் இறக்கலாம், அல்லது ஹைட்ரஜன் வாயுவாக ஊதிவிடலாம். ஹைட்ரஜனாக ஊதிவிட்டால் சர்க்கரையின் மிச்சத்தை அசெட்டிக் அமிலமாக மாற்ற முடியும். அதில் பாக்டீரியத்துக்குக் கூடுதல் வரும்படி உண்டு. உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் ஏ.டி.பி. என்ற பொருள். ஒரு குளுக்கோஸை எத்தனாலாக்கினால் இரண்டு நாணயம். அசெட்டிக் அமிலமாக்கினால் நான்கு. குப்பைமேட்டில் ஊதிவிட்ட ஹைட்ரஜனைத் தின்ன மீதேன் செய்யும் அண்டை வீட்டார் காத்திருக்கிறார்கள். எந்தப் பாக்டீரியம்தான் நான்கை விட்டு இரண்டை எடுக்கும்?

எனவே இயல்பான தெர்மோசெல்லம் எத்தனாலைக் கொஞ்சமாகவும், அசெட்டிக் அமிலம், லாக்டிக் அமிலம் முதலியவற்றைத் தாராளமாகவும் தருகின்றது. இயற்கையில் இதற்கு மாறானதும் உண்டு. 1981-இல் வீகல், ல்யுங்டால் என்ற இருவர் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து தெர்மோஅனேரோபாக்டர் எத்தனாலிகஸ் என்ற பாக்டீரியத்தை விவரித்தனர். இது குளுக்கோஸை ஏறக்குறைய முழுவதுமே எத்தனாலாக்கும். ஆனால் இதற்குச் செல்லுலோஸை வெட்டத் தெரியாது. வெட்டத் தெரிந்தவனுக்கு வடிக்க மனமில்லை. வடிப்பவனுக்கு வெட்டத் தெரியவில்லை.

மரபணுக்களைத் திருத்தும் முறை கைவந்தபின் நிலைமை மாறியது. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் லீ லிண்ட் என்பாரின் குழுவினர், ஹெமிசெல்லுலோஸின் சர்க்கரைகளை விரும்பும் தெர்மோஅனேரோபாக்டீரியம் சாக்கரோலிட்டிகம் என்ற வெப்ப விரும்பியை எடுத்துக்கொண்டனர். அசெட்டிக் அமிலம், லாக்டிக் அமிலம் இரண்டுக்கும் போகும் பாதைகளின் மரபணுக்களை நீக்கினர். வேறு வழியில்லாமல் அது எத்தனாலையே செய்தது. 2008-இல் லிட்டருக்கு 37 கிராம் எத்தனால் கிடைத்ததாக அறிவித்தனர். 2011-இல் இதையும் அவ்வாறே திருத்தப்பட்ட தெர்மோசெல்லத்தையும் சேர்த்து வளர்த்துத் தூய செல்லுலோஸிலிருந்து லிட்டருக்கு 38 கிராம் பெற்றனர். தெர்மோசெல்லம் தனியாகவே 60 கிராம் செல்லுலோஸிலிருந்து 22.4 கிராம் தந்தது 2016-இல். அடையக்கூடிய உச்ச அளவில் அது 75 விழுக்காடு.

கேட்க நன்றாயிருக்கின்றது. ஆனால் இவை தூய செல்லுலோஸ் பொடியில் கிடைத்தவை, வைக்கோலில் அல்ல. மேலும், 22 கிராம் என்பது போதுமா என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோ நீர்?

கொப்பரையில் எத்தனால் 2 விழுக்காடு இருந்தால், ஒரு கிலோ எத்தனாலுக்காக 50 கிலோ நீர்மத்தைச் சூடாக்க வேண்டும். 30°-இலிருந்து 100°-க்கு ஏற்ற 14,700 கிலோஜூல். ஒரு கிலோ எத்தனாலில் இருப்பது சுமார் 29,700. பாதி ஆற்றல் வெந்நீர் வைப்பதிலேயே போயிற்று! 5 விழுக்காடு இருந்தால் 20 கிலோ நீர்மம் போதும். செலவு ஐந்தில் ஒரு பங்கு. கழிவுப்பாகில் ஈஸ்ட் தருவதைப்போல 10 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் பத்தில் ஒன்று. வெளியேறும் கொதிநீரின் சூட்டை உள்ளே வரும் நீர்மத்துக்கு மாற்றி இதில் பெரும்பங்கை மீட்கலாம். 60° கொப்பரைக்குத் தொடக்கத்திலேயே ஓரளவு சலுகையும் உண்டு. ஆயினும் ஆவியாக்கும் செலவு தனியே நிற்கின்றது. லிட்டருக்கு 40 கிராமாவது வேண்டும் என்று பொறியியலார் சொல்வது இதனால்தான்.

ஈஸ்ட் 10 விழுக்காடு எத்தனாலில் நீந்தும். இயல்பான தெர்மோசெல்லம் ஒரு விழுக்காட்டிலேயே தள்ளாடும். ஏன்? உயிரணுவைச் சூழ்ந்துள்ள சவ்வு கொழுப்பாலானது. சூட்டில் நெய் இளகுவதுபோல அது இளகும். எத்தனாலும் அதை இளக்கும். இரண்டும் சேர்ந்தால் சவ்வு ஒழுகத் தொடங்கும். எல்லோரும் நினைத்தது இதுதான், தவறுமன்று. ஆனால் எத்தனாலைத் தாங்கப் பழக்கிய தெர்மோசெல்லத்தின் மரபணுக்களை 2011-இல் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தினர் முழுவதும் படித்துப் பார்த்தபோது, தாங்கும் திறனுக்கு முக்கியக் காரணம் சவ்வில் இல்லை. எத்தனாலை உண்டாக்கும் நொதியிலேயே ஏற்பட்ட மாறுதல் என்று தெரிந்தது. அதாவது, எத்தனால் பாக்டீரியத்தை நஞ்சாகக் கொல்வதைக் காட்டிலும், அதன் வேலையை அடைத்து நிறுத்துவதே பெரிய சங்கதி.

இயற்பியல் படித்தவனுக்கு இந்த இடம் மிகவும் சுவையானது. வேதிவினைத் தொடர் ஒன்றை வாய்க்காலாக எண்ணிக்கொள்ளுங்கள். சரிவு செங்குத்தாக இருந்தால் கடைமடையில் நீர் தேங்கினாலும் மேலிருந்து நீர் பாய்ந்துகொண்டே இருக்கும். சரிவு குறைவாக இருந்தால் கடைமடையில் ஒரு சாண் நீர் ஏறியதும் ஓட்டம் நின்று, எதிர்த்து ஏறவும் கூடும். ஈஸ்ட் தன் வாய்க்காலின் தொடக்கத்தில் ஏ.டி.பி. நாணயத்தைத் தாராளமாகச் செலவழித்துச் செங்குத்தான சரிவை உண்டாக்கிக்கொள்கின்றது. அதனால்தான் 10 விழுக்காடு தேங்கினாலும் அதற்குக் கவலையில்லை. தெர்மோசெல்லம் சிக்கனக்காரன். அதே படியில் ஏ.டி.பி.-க்குப் பதிலாக, மலிவான பைரோபாஸ்பேட்டு என்ற பொருளைக்கொண்டு வேலையை முடிக்கின்றது. மிச்சம் பிடித்த நாணயம் பெரிய நொதிக் கட்டுகளைச் செய்ய உதவலாம். செல்லுலோஸ் போன்ற கடினமான உணவை உண்டு பிழைக்கும் உயிருக்கு அந்தச் சிக்கனம் தேவைதான். ஆனால் வாய்க்காலின் சரிவு மிகக் குறைந்துவிடுகின்றது. எத்தனால் சிறிது தேங்கியதும் ஓட்டம் தளர்கின்றது. வைக்கோலைத் தின்னும் வல்லமைக்குத் துணை நிற்கும் அதே குணம், செறிந்த எத்தனாலைத் தரவிடாமல் தடுக்கின்றது.

ஆகவே இப்போது நடக்கும் ஆராய்ச்சி பாக்டீரியத்தைச் செலவாளியாக்கும் ஆராய்ச்சி. வேறு நுண்ணுயிர்களின் நொதிகளைப் புகுத்தி, ஏ.டி.பி.-யைச் செலவிட வைத்து, சரிவைக் கூட்டப் பார்க்கிறார்கள்.

கம்சாட்காவிலிருந்து வந்தது

தெர்மோசெல்லத்தைவிடச் சூட்டை விரும்பும் உயிர் ஒன்று ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், கம்சாட்கா தீபகற்பத்து வெந்நீர் ஊற்றுகளில் அகப்பட்டது. கால்டிசெல்லுலோசிரப்டர் பெஸ்கியை என்ற பெயரால் அது அறியப்படுகின்றது. 75°-க்கும் மேலே செழிக்கும். இதற்குச் செல்லுலோசோம் கிடையாது. ஒரே புரதத்தில் இரண்டு வெட்டும் பகுதிகளும் பல பிடிக்கும் பகுதிகளும் கோத்த ஒரு நொதியை வெளியே விடுகின்றது. இது இழையின் மேற்பரப்பைச் சீவுவதோடு நிற்காமல் துளை போட்டு உள்ளே செல்வதை 2013-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். தச்சுப் பட்டறைக்குப் பதிலாகத் துரப்பணம்!

இந்தப் பாக்டீரியம் எத்தனாலே செய்வதில்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் வெஸ்ட்ஃபெலிங்கின் குழுவினர் தெர்மோசெல்லத்தின் எத்தனால் மரபணுவை இதனுள் வைத்து, லாக்டிக் அமிலப் பாதையை அடைத்தார்கள். 2014-இல், எந்த முன்பதமும் செய்யாத ஸ்விட்ச்கிராஸ் என்ற புல்லிலிருந்து அது நேரடியாக எத்தனாலைத் தந்தது. நாளிதழ்கள் இதைப் பெரிதாக எழுதின. முதன்முறையாக நடந்தது என்ற அளவில் பெரியதுதான். கிடைத்த அளவு லிட்டருக்கு 0.6 கிராம். மேலே போட்ட கணக்கை இதற்குப் போட்டுப் பார்க்கும் வேலையை மாணவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

மாடு செய்யும் வேலை

மாடு வைக்கோலை அமிலத்தில் வதக்குவதில்லை. விழுங்கியதை வயிற்றில் சிறிது நேரம் நொதிக்க விட்டு, மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோட்டு, மறுபடியும் விழுங்குகின்றது. முதலிலேயே அரைத்துத் தள்ளாமல், நுண்ணுயிர்கள் ஓரளவு இளக்கியபின் அரைப்பதில்தான் சூட்சுமம் இருக்கின்றது. இளகியதை அரைக்கக் குறைந்த வலிமை போதும். அரைத்தால் புதிய பரப்புகள் வெளிப்படும். நுண்ணுயிர்கள் அங்கே போய் ஒட்டும்.

லிண்ட் குழுவினர் கொப்பரைக்குள்ளேயே எஃகுக் குண்டுகள் உருளும் அரவையை அமைத்து, தெர்மோசெல்லம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே புல்லை அரைத்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான முடிவின்படி, நீராவியும் அமிலமும் இல்லாமலே, கரைந்த சர்க்கரைத் தொடர்களின் அளவு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. உருளும் குண்டுகளுக்கிடையே ஈஸ்ட் தாக்குப்பிடிக்கவில்லை. அளவில் ஈஸ்டைவிட மிகச் சிறியதான இந்தப் பாக்டீரியம் நசுங்காமல் வேலையைத் தொடர்ந்தது.

இனி அரைக்கும் மின்சாரத்தின் கணக்கைப் போட வேண்டும். அரைக்கச் செலவாகும் ஆற்றல், நீராவியில் மிச்சமாகும் ஆற்றலைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். ஸ்விட்ச்கிராஸுக்கு வரும் கணக்கு நம் நெல் வைக்கோலுக்கு அப்படியே வராது. நெல் தன் தண்டிலும் இலையிலும் மணலின் பொருளான சிலிக்காவைச் சேர்த்து வைக்கும் பயிர்; உலர்ந்த வைக்கோலின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட அது இருக்கும். கதிர் அறுக்கும் அரிவாள் விரைவில் மழுங்குவது இதனாலேயே. கொப்பரைக்குள் ஓயாமல் உருளும் எஃகுக் குண்டுகளையும் அது தேய்க்கும்.